வாழைக்குப் போன தண்ணீர்

புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பாடத்தோடு சுற்றுச்சூழலையும் சேர்த்து நடத்தச் சொன்னார்கள். எனக்கு எரிச்சல்தான். கேன்டீனில் கை கழுவும் தண்ணீரை, தரை சரியும் வாட்டம் பார்த்து, பக்கத்திலிருந்த வாழைக்கன்றுகளுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். பிள்ளைகள் வாய்க்கால் வெட்டினார்கள். மார்க் போட்டேன், மறந்துவிட்டேன்.

கோடை விடுமுறையில் விடைத்தாள் திருத்தக் கல்லூரிக்குப் போனேன். பூட்டிய கேன்டீனுக்கு வெளியே, கை கழுவும் குழாயடியில் என் மாணவிகள் மூன்று பேர் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“லீவுல இங்க என்னம்மா பண்றீங்க?”

“கேன்டீனும் லீவுதானே மேடம், கை கழுவ ஆளில்ல. வாழை வாடுது. அதான் இங்கிட்டு வந்து சாப்புடுறோம்” என்றாள், இலுப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்த செல்வி.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குழாயைத் திறந்துவிட்டா முடிஞ்சுதே?”

“நல்ல தண்ணிய விடக்கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?”

சொன்னேனாம். எனக்கு நினைவே இல்லை.

என் சாப்பாட்டையும் எடுத்து வந்து அவர்களோடு உட்கார்ந்தேன். நான் கை கழுவிய தண்ணீர் வாய்க்காலில் மெல்ல நகர்ந்தது. வாழையடிக்குப் போய்ச் சேரும்வரை நால்வரும் நின்று பார்த்தோம்.

இப்போதெல்லாம் வகுப்பில் எதையாவது சொல்லும் முன், இதை யாரோ நம்பப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.