அவன் மடியில் என்ன இருந்தது

அவளைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. கொல்லிமலைக்கு மாற்றலாகி வந்த இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் உண்டாக்கிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் கிளை நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நடக்கும் கதை நேரம். மற்ற நாளெல்லாம் தாலுகா ஆபீஸில் பட்டாவும் சான்றிதழுமாகப் போய்விடும். அந்த ஒரு சாயங்காலத்திலும் வந்து உட்கார்ந்துகொண்டாள், ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போடும் நர்ஸ்.

அன்றைக்கு மத்தியானம் பிள்ளைகள் படம் வரைவார்கள், களிமண்ணில் மாடு செய்வார்கள். மாட்டுக்குக் கொம்பு மட்டும் நிற்கவே நிற்காது. நூலகர் கீழே சமவெளியிலிருந்து வந்தவர், சாதுவான மனிதர். ‘அமைதி காக்கவும்’ பலகையை அன்று மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிடுவார். பிறகு ஜமுக்காளம் விரித்துப் பெரியவர்களுக்குக் கதை. மிளகு விற்க வந்த பெண்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், பிள்ளையை வரைய விட்டுவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்கள். வளப்பூர் நாடு என்கிற மலையூர்கள் பக்கம் போகும் சாயங்கால பஸ் வரும்வரை அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

மலையில் எதுவும் பஸ்ஸைப் பார்த்துத்தான் நடக்கும். முகூர்த்தத்துக்கே நல்ல நேரத்தோடு பஸ் நேரத்தையும் பார்ப்பவர்கள் இவர்கள். டிரைவர் கீழ் வளைவில் வரும்போதே நீளமாக ஒரு ஹாரன் கொடுப்பார். அதைக் கேட்டால் கூட்டம் எழுந்துவிடும், எந்தக் கொம்பன் பேசிக்கொண்டிருந்தாலும் சரி. அதனால் நூலகர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பஸ்ஸில் போகிறவர் முதலில் கதை சொல்ல வேண்டும். பக்கத்தில் குடியிருப்பவர் கடைசியில். நர்ஸ் தங்கியிருப்பது வளப்பூர் நாட்டில். என் குவார்ட்டர்ஸ் நூலகத்துக்குப் பின்சுவர். ஆகவே அவள் முதலில், நான் கடைசியில்.

மாதம் முழுக்க எழுதி, அடித்து, திருத்தி ஒரு கதையைக் கொண்டுபோவேன். முடிவில்தான் என் உயிரையே வைத்திருப்பேன். அதற்கு இரண்டு பக்கம் முன்னால் ஹாரன் அடிக்கும். செருப்பைத் தேடிக்கொண்டே, “கதை நல்லா இருந்துச்சுங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என் கதை ஒன்றின் முடிவைக்கூட இந்த மலையில் யாரும் கேட்டதில்லை.

அவளிடம் தாளே கிடையாது. தோளில் இருக்கும் பையைக்கூடக் கழற்றாமல் ஊர்வம்பு பேசுவது போல ஆரம்பிப்பாள். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டு, “அப்பறம் என்னங்க ஆச்சு?” என்பார்கள். என்னிடம் ஒருத்தியும் அப்படிக் கேட்டதில்லை. முடித்ததும் நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “உங்கள மாதிரி எழுத எனக்கு வராதுக்கா” என்பாள். மனதாரத்தான் சொல்வாள். பொய்யாகச் சொல்லியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன்.

போன மாதம் நூலகரிடம் போய் நின்றேன். “இந்தத் தடவை நான் முதல்ல சொல்றேன் சார். அந்தம்மா கடைசில சொல்லட்டும்.”

“பஸ்ஸு வந்துருமேம்மா. பாதியில எந்திரிக்க வேண்டியிருக்குமே.”

“என் கதை இத்தனை மாசமா பாதியிலதானே சார் நிக்குது?”

சரி என்று தலையாட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மனதுக்குள் நினைத்திருப்பார். நினைக்கட்டும். நியாயம் என் பக்கம் இருந்தது. எழுந்து போகிற முதுகுகளை அவளும் ஒரு நாள் பார்க்கட்டும் என்ற ஆசையும் கூடவே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை என் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசித்தேன். யாரும் எழவில்லை. ஹாரன் இல்லை. கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்தி, குரலை இறக்கி வாசித்துவிட்டுத் தாளை மடித்தேன். முன்னால் உட்கார்ந்திருந்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிருச்சுங்களா?”

“முடிஞ்சிருச்சு.”

“செரிங்க” என்று கை தட்டினாள். மற்றவர்களும் தட்டினார்கள். அது முடிவதற்குள்ளேயே தலைகள் நர்ஸ் பக்கம் திரும்பிவிட்டன.

அவள் கதையில் ஒருத்தி புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குக் கிளம்புகிறாள். வீட்டு மரத்தில் பழுத்த ஒரே பலாப்பழத்தையும் அவனுக்கு விட்டுவைக்காமல் தூக்கிக்கொண்டு போகிறாள். பலாப்பழம் என்றதும் கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “பஸ் ஏறி உக்காந்து திரும்பிப் பாக்குறா. கடைசி சீட்டுல அவ புருசன்! அவன் மடியில என்ன இருந்துச்சு தெரியுமா?”

ஹாரன் அடித்தது.

எனக்கு உள்ளே குளிர்ந்தது, அதுவும் ஒரு மூச்சு நேரம்தான். எழுந்தார்கள், ஆனால் அவளையும் சேர்த்துக் கிளப்பிக்கொண்டு எழுந்தார்கள். “நிறுத்தாதீங்க, நடந்துக்கிட்டே சொல்லுங்க” என்று ஒருத்தி அவள் கையைப் பிடித்தாள். இன்னொருத்தி அவள் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டாள். செருப்பை! அவளை நடுவில் விட்டுச் சுற்றி நின்று பஸ்ஸுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். இந்தத் தடவையும் முதுகுகளைப் பார்த்தது நான்தான்.

நூலகர் சாவியை என் கையில் திணித்தார். “பூட்டிருங்கம்மா. நான் பஸ் வரைக்கும் போயிட்டு வந்தர்றேன்.” பஸ் வரைக்கும் போனார். படியில் ஒரு கால் வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். பஸ் கிளம்பியபோது அவரும் உள்ளே இருந்தார். அவர் வீடு எதிர்த் திசையில் இருக்கிறது. அவருடைய பைக் நூலக வாசலில் நின்றது.

நான் ஜமுக்காளத்தை மடித்தேன். கொம்பில்லாத மாடுகளை ஜன்னலில் எடுத்து வைத்தேன். ‘அமைதி காக்கவும்’ பலகையை நேராகத் திருப்பிவிட்டுப் பூட்டினேன்.

அந்த வாரம் முழுக்க அவன் மடியில் என்ன இருந்தது என்பது என்னைப் பாடாய்ப் படுத்தியது. அன்று பஸ்ஸில் போனவர்களில் ஒருத்தி வருமானச் சான்றிதழுக்காக என் மேஜை முன்னாலேயே வந்து நின்றாள். கேட்கலாம். கேட்காமல் முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

பிறகு ஏதோ வேலையாக நர்ஸே ஆபீஸுக்கு வந்தாள்.

“அக்கா, அன்னைக்கு நீங்க முடிவு கேக்கலையே. சொல்லட்டுமா?”

“வேண்டாம்மா. எனக்கு அப்பவே தெரிஞ்சிருச்சு.”

அவள் கண்ணை விரித்தாள். “எப்படிக்கா? எனக்கே தெரியாதே! பஸ் ஏறினப்பறம், ‘என்ன இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்க’ன்னு எல்லாரையும் கேட்டேன். ஆளாளுக்கு ஒண்ணு சொல்லி ஒரே சண்டை. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டு ஒண்ணு சொன்னார் பாருங்க, அதையே வச்சுக்கிட்டோம். நூலகர் சாருக்குச் சிரிச்சு சிரிச்சு கண்ணுல தண்ணியே வந்துருச்சு.”

எனக்காக ஒரு ஹாரனைத் தள்ளிப்போடாத டிரைவர், அவளுடைய கதைக்கு பஸ்ஸையே நிறுத்தியிருக்கிறார்.

“நீங்களும் ஏறியிருக்கலாமேக்கா” என்றாள்.

ஏறியிருக்கலாம். பெண்களுக்கு டிக்கெட்கூட இலவசம்தான். ஆனாலும் கண்டக்டர் வந்து எந்த ஊர் என்று கேட்பாரே. என் வீடு நூலகத்துக்குப் பின்சுவர்.