மஞ்சள் பட்ட சான்றிதழ்

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மறுநாள்தான் கடைசி நாள். பாலக்காட்டில் பைண்டிங்குக்குக் கொடுக்க, அச்செடுத்த நான்கு பிரதிகளையும் கொல்லங்கோட்டு வீட்டில் மேசைமேல் அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் தலைப்புப் பக்கத்துக்கு அடுத்து வர வேண்டியது, என் நெறியாளர் கையெழுத்திட்ட சான்றிதழ்த் தாள். எங்காவது தவறிவிடுமோ என்று பயந்து நான்தான் அவற்றை எடுத்து ஒவ்வொரு அடுக்கின் மேலேயும் வைத்திருந்தேன்.

கிளம்பும் நேரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்திருந்த என் மாமியார் கேட்டார்: “மஞ்ச வெச்சயா கண்ணு? புது பொஸ்தகம் அப்படியேவா கொண்டு போவாங்க?”

“இன்னும் புத்தகம் ஆகலீங்க அத்தை.”

“ஆகறதுக்குத்தான் வெக்கச் சொல்றேன்.”

குழந்தை பிறந்ததிலிருந்து நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் அவளைத் தூக்கி வைத்திருந்தவர் அவர். மறுக்க மனம் வரவில்லை. பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது. மஞ்சளைக் குழைத்து நான்கு அடுக்குகளின் மூலைகளிலும் தொட்டு வைத்தேன். எந்தத் தாளில் வைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

கடையில் பைண்டர் கட்டைப் பிரித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“ஏனுங்க, இத பைண்டு பண்ணோணுங்களா, இல்ல பூஜை ரூம்புல வெக்கோணுங்களா?”

மேலே இருந்த சான்றிதழ்த் தாளில், கையெழுத்தின் வால்வரை ஈர மஞ்சள் ஊறியிருந்தது. நான்கிலும் அப்படித்தான்.

“ஆபீஸ்ல எடுக்க மாட்டாங்களுங்க. வேற தாள் வாங்கிட்டு வந்துருங்க. மூணு மணிக்குள்ள வந்தா சாயங்காலம் முடிச்சுத் தர்றனுங்க.”

என் நெறியாளர் அன்று மதியம் பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்புவதாகச் சொல்லியிருந்தார். போன் செய்தேன், உடனே வரச் சொன்னார். நான்கு தாள்களைப் புதிதாக அச்செடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். அவர் வீட்டு வாசலில் பெட்டிகள் தயாராக இருந்தன.

“நேத்துதானே போட்டுக் கொடுத்தேன். என்ன ஆச்சு?”

நீர்ப்பாசனத்தைப் பற்றி இருநூறு பக்கம் எழுதியவள், சான்றிதழுக்கு மஞ்சள் வைத்தேன் என்று எப்படிச் சொல்வது? அத்தை சொன்னார்கள் என்றால் பழி அவர்மேல் விழும். அந்த ஒரு நொடியில் வாயில் வந்தது வேறு.

“பாப்பா மஞ்சள் கிண்ணத்துல கைய விட்டுட்டா, டீச்சர்.”

அவர் சிரித்துவிட்டார். “இப்பவே தீசிஸ்ல கை வெச்சுட்டாளா உம் பொண்ணு!” பேனாவைத் திறந்தவர், சட்டென்று நிறுத்தினார். “கண்ணுல கிண்ணுல பட்டுடலயே?”

“இல்ல டீச்சர்.”

நான்கு தாளிலும் நிதானமாகக் கையெழுத்திட்டு, மை காயும்வரை ஊதிக் கொடுத்தார்.

மறுநாள் பல்கலைக்கழக அலுவலகத்தில் நான்கு பிரதிகளையும் ஏற்றுக்கொண்டார்கள். வெளியே பெஞ்சில் அமர்ந்து நெறியாளருக்குச் செய்தி எழுதினேன். அவரும் எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரர்தான், மஞ்சள் வைக்கும் வழக்கம் தெரிந்தவர்; உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதே கையெழுத்தைப் போட்டிருப்பார். நடந்ததை முழுவதும் தட்டச்சு செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன். குழந்தைக்கு எப்படி இருக்கிறது என்று அதற்குள் அவரே செய்தி அனுப்பிக் கேட்டுவிட்டார்.

‘நன்றாக இருக்கிறாள். சமர்ப்பித்துவிட்டேன், டீச்சர்’ என்று மட்டும் அனுப்பினேன்.