தட்டு காலியாகத்தான் வந்தது

கொறுக்காய்ப் புளி போட்டுச் சூடை மீன் அவிகிற வாசம்...

காலை பத்து மணிக்கே ஆஸ்பத்திரிக் குசினியில் இருந்து கிளம்பி, எனக்குத் தந்திருந்த சின்ன அறைக்குள் வந்துவிடும். யன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் மீன். நான் மீனோடு சமாதானமாகிவிட்டேன்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சிறிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். டீசலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற காலம். கம்பசில் கணிதம் முடித்துவிட்டு, விண்ணப்பம் போட்டுப் போட்டுக் களைத்துப்போய் வீட்டில் இருந்தேன். அங்கே நோயாளிகளின் சாப்பாட்டுக்குப் பொறுப்பாக இருந்த மேரி அக்கா எங்கள் கோயில்காரர். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது பிடித்துக்கொண்டார்.

"ஜெனி, சாமான் விக்கிற விலைக்கு எனக்கு ஒண்டும் கட்டுப்படியாகேல்லை. உன்ரை கணக்கால ஏதும் செய்ய ஏலுமோ?"

ஏலும். உகப்பாக்கம் என்று கம்பசில் படித்தது இதைத்தான். புரதம், இரும்பு, மற்றச் சத்துகள் எல்லாம் ஓர் அளவுக்குக் கீழே போகக்கூடாது. அதற்குள் செலவு எவ்வளவு குறையுமோ குறையட்டும். எக்செல்லிலேயே போடலாம்.

முதல் விடை வந்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, முருங்கையிலை, சூடை. மூன்று வேளையும் அதேதான், ஒவ்வொரு நாளும் அதேதான்.

மேரி அக்கா திரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன்ரை கொம்பியூட்டர் இதைச் சாப்பிட்டுப் பாத்ததோ?"

அதன் பிறகு நிபந்தனைகள் ஏறத் தொடங்கின. வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு மீன் இல்லை. தவக்காலத்தில் எங்கள் ஆட்களுக்கு இறைச்சி இல்லை. சீனி வருத்தக்காரருக்குச் சோறு குறைவு. காயம் ஆற வேண்டியவர்களுக்கு முட்டையும் மீனும் கூட... எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கணக்கு ஒரு நல்ல விடை தந்தது. நோயாளிகளின் தட்டுகள் வழித்துத் துடைத்த மாதிரித் திரும்பி வந்தன. எங்களுக்கு அதுவே சான்றிதழ்.

யோகன் அண்ணனின் கால்தான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

கட்டைபறிச்சானில் இருந்து வந்த மீன்பிடிகாரர். சீனி வருத்தம். காலில் ஆணி ஏறி, புண் பெருத்துவிட்டது. சதை வைக்காவிட்டால் கரண்டைக்கு மேலே எடுக்க வேண்டி வரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். கால் போனால் கடலும் போய்விடும், அவருக்கு வேறு தொழில் தெரியாது. அதனால் என் கணக்கில் அதிகப் புரதம் அவருடைய கட்டிலுக்குத்தான் போனது. தட்டும் காலியாகத்தான் வந்தது. புண் மட்டும் அப்படியே கிடந்தது.

"சத்து உடம்பிலை ஏறவே இல்லையே... உங்கடை கணக்குச் சரிதானோ?" என்று டொக்டர் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

எல்லாச் சூத்திரங்களையும் திரும்பப் பார்த்தேன். பிழை இல்லை. சரி, போய்ப் பார்ப்போம் என்று அடுத்த நாள் மத்தியானம் வார்டுக்குப் போனேன்.

கட்டில் ஓரத்தில் அவருடைய மனைவி தவமணி அக்கா உட்கார்ந்திருந்தார். மீனும் முட்டையும் அவர் கையில். யோகன் அண்ணன் குழம்பை விட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

என்னைக் கண்டதும் தவமணி அக்கா கையை இழுத்துக்கொண்டார். யோகன் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"விடியவே வெளிக்கிட்டவ, பிள்ளை. பஸ் வருமோ வராதோ எண்டு றோட்டிலை நிண்டு, பச்சைத் தண்ணியும் பல்லிலை படாமல் வந்திருக்கிறா. அவவைப் பாக்க வச்சுக்கொண்டு நான் மட்டும் திண்டால் அது செமிக்குமே?"

"உங்கடை காலுக்குத்தானே அண்ணை அது..."

"ஓம். கால் என்ரைதான். அவ வேறை ஆளோ?"

சுற்றிப் பார்த்தேன். மூதூரில் இருந்து வந்த ஒரு தாய், மகளின் தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கப்பல்துறைக் கிழவர் ஒருவர் தம்பிக்கு ஊட்டாத குறையாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்ப அங்கே ஒருவருக்கும் மனம் இல்லை. என் கணக்கில் ஒரு தட்டுக்கு ஒரு வாய். வார்டில் ஒரு தட்டுக்கு இரண்டு வாய்.

பார்வையாளர்களை நிறுத்தலாம் என்று யாரோ சொன்னார்கள். மேரி அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நான் கணக்கில் இன்னொரு வரி சேர்த்தேன்: 'வந்தவர்'. விடை கொஞ்சம் முரண்டு பிடித்தது. கோழி இறைச்சி குறைந்தது, பயறு கூடியது. கடைசியில் ஒரு பெரிய சட்டி பயற்றங்கஞ்சிக்கு இடம் வந்தது. நோயாளிகளின் தட்டு வருமுன்னரே வந்தவர்களுக்குக் கஞ்சி. அந்த ஒழுங்கு மேரி அக்காவுடையது. மாறிக் கொடுத்திருந்தால் கஞ்சியும் வீண்தான்.

முதல் நாள் தவமணி அக்கா கஞ்சியை வாங்கத் தயங்கினார். "குடி, குடி. அப்பதான் நான் மீனைத் தொடுவன்" என்றார் யோகன் அண்ணன்.

புண் மெல்லச் சதை வைத்தது. காலில் இரண்டு விரல்கள் போயின, கால் தப்பியது. அவர் நொண்டி நொண்டிப் பஸ்ஸில் ஏறியதை அந்த அறை யன்னலில் இருந்து பார்த்தேன். கண் கலங்கியது. மீன் வாசம் என்று மேரி அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

...

போன வருடம் கொழும்பில் எனக்கு ஒரு ஒப்பரேசன். பெரிய ஆஸ்பத்திரி. நான் அன்று நாள் முழுக்க மல்லுக்கட்டிய கணக்கை இன்று ஒரு செயலி நிமிடத்தில் போட்டுவிடுகிறது. என் பெயர், என் எடை, எனக்கு வேண்டிய புரதம் எல்லாம் அச்சடித்த தட்டு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. கஞ்சிச் சட்டி மட்டும் எங்கும் காணவில்லை.

இவர், என் வீட்டுக்காரர், திருகோணமலையில் இருந்து ரயிலில் வந்து, நேரே என் கட்டிலுக்கு வந்திருந்தார்.

"சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் ஓம், வழியிலை சாப்பிட்டனான்."

முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. எனக்கு எவ்வளவு புரதம் வேண்டும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? இருந்தும் மீனையும் முட்டையையும் அவர் பக்கம் தள்ளினேன். மறுத்துப் பார்த்தார், பிறகு சாப்பிட்டார்.

தட்டு எடுக்க வந்த தமிழ்ப் பிள்ளை அது காலியாக இருப்பதைப் பார்த்துச் சிரித்தாள். "எல்லாம் சாப்பிட்டிட்டீங்கள், அக்கா?" என்று கேட்டுக்கொண்டே கையில் இருந்த டெப் திரையில் என் பெயருக்கு நேரே இருந்த பச்சைப் புள்ளியைத் தொட்டாள்.

"ஓம்" என்றேன்.