சம்பந்தி வீட்டுப் புல்லும் என் கைப்பிடி மண்ணும்

என் மூத்த பேரன் மருத்துவர். அடுத்தவன் பாலம் கட்டும் பொறியியலாளர். கடைக்குட்டி பிரெஞ்சுப் பேச்சுப் போட்டியில் பள்ளிக்கே முதலாவது. இவர்களுக்கு நடுவில் என் மகளின் மகள் நிலா, மண்ணைப் பற்றிப் படித்துப் பட்டம் வாங்கியவள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு, மண்ணுக்கும் பட்டம் உண்டென்பதே புதினம்.

அந்தப் பட்டத்தின் பலனை அனுபவிப்பவர் என் சம்பந்தி, அதாவது நிலாவின் அப்பம்மா. அவருடைய இளைய மகன் குமரன் மொன்ட்ரியாலுக்குத் தெற்கே புல் வளர்த்து, காயவைத்து, குதிரை வளர்ப்பவர்களுக்கு விற்கிறார். கோடை முழுவதும் நிலா அங்கேதான். பண்ணையின் இணையப் பக்கத்தைத் திறந்தால், டிராக்டரில் ஏறியிருந்து அப்பம்மாவும் பேத்தியும் சிரிக்கிறார்கள். அதைப் பார்த்த நாளில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளில் எனக்கும் பங்கு இருக்கிறதா என்று பார்க்க, ஜூலையில் ஒரு சனிக்கிழமை கிளம்பினேன்.

மொன்ட்ரியாலில் நான் இருக்கும் அஹுன்ட்சிக்கில் காலை 7:40க்கு மெட்ரோ. நகர நடுவில் ரயில் மாறி, புரோசார்டில் இறங்க 8:50. குமரன் காரில் வந்து ஏற்றினார். அங்கிருந்து 46 கிலோமீட்டர், நாற்பது நிமிடம்.

அப்படி ஒரு பச்சை நான் கண்டதில்லை. அன்று அந்தப் புல்லுக்குக் கண்ணூறு பட்டிருந்தால், அது என் கண்தான்.

“வைக்கோல் நல்லாய்த்தான் இருக்கு,” என்றேன்.

“இது வைக்கோல் இல்லை மச்சாள், புல்லு. வைக்கோல் எண்டால் நெல்லு அடிச்ச மிச்சம்,” என்று திருத்தினார் சம்பந்தி.

“ஓம், நிலா சொல்லித் தந்திருப்பாள்.”

புல் வெட்டி எட்டு நாள். மழை இல்லை. மேல்மண் தூசியாய்ப் பறந்தது. குமரன் பெரிய உருளையில் சுற்றியிருந்த குழாயை இழுத்து, தண்ணீர் பீச்ச ஆயத்தமானார்.

“பொறுங்கோ சித்தப்பா,” என்ற நிலா, கம்பி போன்ற ஒரு கருவியால் முழ ஆழத்தில் இருந்து மண் எடுத்து எங்கள் இருவர் கையிலும் வைத்தாள். “பிடிச்சுப் பாருங்கோ.”

சம்பந்தி பிடித்தார். “கையில ஒட்டேல்லை. காஞ்சு போச்சு.”

நான் பிடித்தேன். உருண்டையாய் நின்றது. விரலால் தட்ட உதிர்ந்தது. “புட்டு மாப் பதம். இனித் தண்ணி விட்டால் களிதான்.”

நிலா துள்ளினாள். “அதேதான் அம்மம்மா! சித்தப்பா, வேருக்கு ஈரம் இருக்கு. மூண்டு நாள் விட்டுப் பேந்து பாப்பம். சேத்தில டிராக்டர் ஓடினால் மண் இறுகிப்போம், அடுத்த புல்லு எழும்பாது.”

“படிச்சது நீயோ, அம்மம்மாவோ?” குமரன் சிரித்துக்கொண்டே குழாயைச் சுற்றினார். இன்னொரு பிடி மண்ணைத் தந்து, நிலா காப்புப் போட்ட என் கையைப் படம் எடுத்தாள்.

“எங்கட வீட்டில புட்டுக்கு மா குழைக்க மெஷின் இருக்கு,” என்றார் சம்பந்தி, ஒருவரையும் பார்க்காமல்.

மூன்று மணிக்கு நான் திரும்பினேன். நிலா திரும்பவில்லை. வாசலில் நின்று அவளும் அப்பம்மாவும் கைகாட்டினார்கள், ஒரே மாதிரி. அது இன்னும் எரிகிறது.

போக நினைப்பவர்களுக்கு: புரோசார்டுக்கு அப்பால் எனக்குப் பஸ் கிடைக்கவில்லை, ஏற்றிப்போக ஆள் வேண்டும். சீலை வேண்டாம், வெட்டின புல்லின் அடிக்கட்டை கிழிக்கும். முழங்கால் வரை வரும் சப்பாத்து நான் 32 டொலருக்கு வாங்கினேன். தண்ணீர் பாய்ச்சிய வயலுக்குள் காரை விடாதீர்கள்.

நிலா பிள்ளை, அந்த டிராக்டர் படம் பழசாகிவிட்டது. மண் உருண்டையோடு என் கையை எடுத்தாயே, பண்ணைப் பக்கத்தில் அதைப் போடு. முகம் தேவையில்லை. காப்புத் தெரிந்தால் போதும், சம்பந்திக்கு விளங்கும்.