கடைசி வரிசையில் ஒருத்தி

என் தங்கை பெரிய படிப்பு படித்தவள். என்ன படிப்பு என்று யாராவது கேட்டால்தான் எனக்கு நாக்குக் குழறும். ஊடகம், அரசியல், பொதுவாழ்க்கை மூன்றையும் சேர்த்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். ஊரில் நடப்பதற்கும் பேப்பரில் வருவதற்கும் எவ்வளவு தூரம் என்று அளப்பதுதான் அவள் பிழைப்பு. தனக்குக் கல்யாணம் ஆனதையே பாதி நாள் மறந்திருப்பாள். அவள் புருஷன் நல்ல மனுஷன், ஞாபகப்படுத்தமாட்டார்.

மாதாமாதம் நகராட்சியில் மக்கள் குறை கேட்கும் கூட்டம் நடக்கும். கடைசி வரிசையில், ஜன்னலோரம், கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்துகொள்வாள். யார் பேசினார்கள், யாரைப் பாதியில் உட்காரச் சொன்னார்கள், மறுநாள் பேப்பரில் யார் பேச்சு வந்தது, எல்லாவற்றையும் குறித்துக்கொள்வாள். இப்படி வருஷக்கணக்காக உட்கார்ந்து அவள் கண்டுபிடித்தது இதுதான்: டீ வந்ததும் நிருபர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார், பெண்களுக்கு முறை வருவது எப்போதும் டீக்கு அப்புறம். இந்த வெட்டி முறிக்கிற வேலைக்கு இத்தனை வருஷமா, என்னைக் கேட்டிருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பேனே என்றேன்.

"நீ சொன்னா அது புகார்க்கா. நான் எண்ணிச் சொன்னா ஆதாரம்" என்றாள்.

அந்த வேலைக்கு ஒரு கண்டிப்பு உண்டு. பார்க்க வந்தவள் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் மற்றவர்கள் நடந்துகொள்வது மாறிவிடும், அப்புறம் எண்ணுவதில் அர்த்தமில்லையாம். அவளும் வாயே திறக்கவில்லை. வந்துபோகிறவர்கள் அவளுக்குக் 'கடைசி வரிசை' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

நான் நகராட்சிப் பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். அதை மூடிவிட்டு வரி அலுவலகம் வைக்கப்போகிறார்கள், அடுத்த கூட்டத்தில் தீர்மானம் என்று கேள்விப்பட்டேன். நகராட்சிச் சம்பளம் வாங்குகிறவர்கள் அங்கே பேச முடியாது. நேராகத் தங்கை வீட்டுக்குப் போய், நீ பேசு என்றேன். முடியாது என்றாள். பேசினால் ஆராய்ச்சி அன்றோடு சரி, இன்னும் இரண்டு வருஷ வேலை பாக்கி, பேராசிரியர் பதவியே அதை நம்பித்தான் இருக்கிறது என்றாள்.

எனக்குக் கோபம் வந்தால் நிதானம் கிடையாது. "உன் பொண்ணு மூச்சில்லாம நீலமாப் பொறந்தப்போ எங்கடி தூக்கி வெச்சுக் காப்பாத்தினோம்? வரி ஆபீஸ்லயா?" என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். அவள் எதிரே இருந்த சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள்.

கூட்டத்தன்று நான் வாசற்படியில் நின்றிருந்தேன். டீ வந்தது, போனது. நிருபர் பையைத் தோளில் மாட்டினார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் எழுந்து, ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தாள். நேரமாகிவிட்டது, உட்காரும்மா என்றார் நகராட்சித் தலைவர். அவளும் பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். என் தங்கை குறித்துக்கொள்ளப் பேனாவைத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே மூடிவைத்தாள்.

ஆடுகிற நாற்காலி தடாலென்று சாய்ந்ததில் எல்லாரும் திரும்பினார்கள். கதவருகே நிருபரும் நின்றுவிட்டார்.

கல்லூரியில் மணிக்கணக்காகப் பேசுகிறவளுக்குக் குரல் நடுங்கியது. எண்ணிவைத்திருந்த கணக்கில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "அவங்களைப் பேச விடுங்க. அவங்க முடிக்கிற வரைக்கும் நான் உட்கார மாட்டேன்."

"நீங்க யாரும்மா?" என்றார் தலைவர், இத்தனை வருஷம் பார்த்த மனுஷர்.

"இந்த ஊர்க்காரி. என் பொண்ணு அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தா."

அந்தப் பெண் பேசினாள். அவளுக்கு அடுத்தவள் எழுந்தாள், அப்புறம் ஒரு வரிசையே எழுந்தது. நிருபர் பையைக் கழற்றி வைத்துவிட்டு எழுதினார். தீர்மானத்தைக் கிடப்பில் போட்டார்கள், ஆஸ்பத்திரி பிழைத்தது. நான் வெட்கமில்லாமல் வாசற்படியிலேயே அழுதேன்.

அடுத்த மாதம் அவள் போனபோது முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்திருந்தார்கள். அவள் மறுத்துவிட்டுத் தன் இடத்துக்கே போனாள். பிரயோஜனமில்லை. ஒரு பெண்ணை உட்காரச் சொல்ல வாயெடுத்த தலைவர், கடைசி வரிசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சொல்லுங்கம்மா என்றார். வெளியே வந்ததும் அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எண்ண வந்ததே இப்ப நடக்கலக்கா" என்றாள்.

பதவி வேறொருவருக்குப் போனது. எனக்கு அந்த வயிற்றெரிச்சல் இன்னும் தீரவில்லை, அவள் முன்னால் காட்டிக்கொள்வதில்லை. அதுவரை எண்ணியதை வைத்து அவள் எழுதிய புத்தகம் ஒல்லியாக வந்தது. எனக்கு அதில் பாதி புரியாது. ஆனால் கடைசிப் பக்கத்தில் அவள் எழுதியிருக்கும் ஒற்றை வரியை, பிரசவத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறேன்:

"ஆய்வாளர் பேசிவிட்டதால் இந்த ஆய்வு இத்துடன் நிறுத்தப்பட்டது."