கையை விடப் பழகிய ஆடி மாதம்

ஆடி பிறந்த மூன்றாம் நாள், முப்பத்தெட்டு வயதான என் வீட்டுக்காரர் எங்கள் ஊர்க் கண்மாய்க்குள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். கண்மாய் வறண்டு கிடந்தது. பட்டத்தைத் தூக்கிப் பிடித்துக் காற்றில் ஏற்றிவிடுவது என் வேலை. ஆடு மேய்க்க வந்த அக்கா ஒருவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏத்தா, துபாய்ல இருந்து வந்தவுகளுக்கு வெயில் தலைக்கேறிருச்சா?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "வேலைக்குப் படிக்கிறாகக்கா" என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் ஆடுகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

உண்மையிலேயே அது வேலைக்கான படிப்புதான். துபாயில் அவருக்குக் கடற்கரையில் வேலை. காலில் பலகையை மாட்டிக்கொண்டு, பெரிய பட்டம் ஒன்று இழுக்க, கடல் மேல் வழுக்கிக்கொண்டு போவார்களே, கைட்போர்டிங், அது நடக்கும் இடம். ஓரத்தில் ரப்பர் குழாய் வைத்த அந்தப் பட்டங்களுக்குக் காற்றடித்துக் கொடுப்பார், நனைந்ததைக் காய வைப்பார், கடலில் விழுந்தவர்களைப் படகில் போய்த் தூக்கி வருவார். இத்தனை வருடத்தில் பறக்கிற பட்டத்தை ஒரு தடவைகூட அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை.

இந்த முறை லீவில் வந்தபோது, ராமேஸ்வரம் பக்கம் அதே விளையாட்டைச் சொல்லித் தரும் இடத்தில் ஆள் தேடுவதாகத் தெரிந்தது. அதை நடத்துகிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. வீடியோ காலில் கறாராகப் பேசினார். "நீச்சல் தெரியும், படகு தெரியும், எல்லாம் சரிங்க. தரையில சின்னப் பட்டத்தை ஒழுங்கா ஓட்டத் தெரியாத யாரையும் நான் தண்ணிக்குள்ள விடமாட்டேன். ஒரு மாசம் பழகுங்க. நானே வந்து பாக்குறேன்" என்று சொல்லி, பழகுவதற்கு ஒரு பட்டத்தையும் பார்சலில் அனுப்பி வைத்தார்.

இன்னொரு பக்கம் துபாய் ஏஜென்ட் அடுத்த விசாவோடு காத்திருந்தார். ஆடி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். அதில் ஒரே வீட்டில் இருந்தது லீவு நாட்கள் மட்டும்தான். அவர் போகக் கூடாது என்று நான் எத்தனை சாமியிடம் கேட்டேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுவது எனக்குப் பிடிக்காது.

பட்டம் என்றதும் காகிதப் பட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. இது துணி. கட்டில் விரிப்பு அகலம். இரண்டு கயிறுகள் வந்து ஒரு குட்டைக் கம்பியில் முடியும். கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இடது கையை இழுத்தால் இடது பக்கம் போகும், வலது கையை இழுத்தால் வலது பக்கம். தலைக்கு நேர் மேலே நிறுத்தினால் சாதுவாக நிற்கும். முகத்துக்கு நேரே இறங்கினால் இருக்கிற பலத்தையெல்லாம் காட்டி இழுக்கும். அப்படி இழுத்தால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. இரண்டு கையையும் கம்பியிலிருந்து எடுத்துவிட வேண்டும். மணிக்கட்டில் கட்டிய கயிறு பட்டத்தைப் பறந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும். பட்டம் பிடிமானம் இழந்து கீழே விழுந்துவிடும்.

இடம் வலம் எல்லாம் நாலே நாளில் பழகிவிட்டார். ஐந்தாம் நாள் ஒரு பெருங்காற்று அடித்தது. பட்டம் இறங்கி இழுத்தது. "விடுங்க! விடுங்க!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மனிதர் கம்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்மாய் மண்ணில் குப்புற இழுபட்டுப் போய்க் கருவேலம் புதரில் விழுந்தார். மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாளும் அதே புதர்.

அன்று சாயங்காலம் ஊக்கை வைத்து முள்ளெடுத்துக்கொண்டே திட்டித் தீர்த்தேன். "காது செவிடா? விடுன்னா விடணும், அம்புட்டுத்தான? பச்சப்புள்ளைக்குக்கூட வெளங்கும்."

"வெளங்குது. கை விடமாட்டேங்குது."

கல்யாணத்துக்கு முன் அவர் ஜல்லிக்கட்டில் மாடு பிடித்தவர். எங்கள் வீட்டுக் கட்டிலும் பீரோவும் அவர் பிடித்த மாடுகள் கொடுத்த பரிசு. வாடிவாசலில் திமிலை அணைத்தால் எல்லைக்கோடு தாண்டும்வரை விடக் கூடாது. மாடு எந்தப் பக்கம் சுழற்றினாலும், உடம்பை எதில் மோதினாலும் ஒட்டிக்கொண்டே போக வேண்டும். அதில்தான் பேரே இருக்கிறது.

"பதினேழு வயசுல ஒரு தடவ பாதியில விட்டுட்டேன்" என்றார். "மைக்குல சொல்லிச் சிரிச்சாங்ய. ஒரு வருசம் கடைவீதிப் பக்கம் நான் தலைகாட்டல."

இதை அவர் எனக்குச் சொன்னதே இல்லை. ஆனாலும் என் வாய் சும்மா இருக்குமா? "மாடு வேற, துணி வேற. இங்கிட்டு குடுங்க, நாளைக்கு நான் காட்டுறேன்" என்றேன்.

மறுநாள் காட்டினேன். முதல் இழுப்பிலேயே கால் தரையில் நிற்கவில்லை. விடு, விடு என்று மனசு சொல்கிறது, விரல் பத்தும் கம்பியை இறுக்குகிறது. முழங்கால் இரண்டும் சிராய்த்து நான் எழுந்தபோது அவர் சிரிக்கவில்லை. ஓடிவந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவ்வளவு கேவலமாகத் திட்டியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அதன் பிறகு பெருங்காற்றுக்காகக் காத்திருக்கவில்லை. பட்டம் தலைக்கு மேலே அமைதியாக நிற்கும்போது, காரணமே இல்லாமல் "விடுங்க" என்பேன். அவர் கையை எடுப்பார், பட்டம் விழும், நான் ஓடிப்போய்த் தூக்கிக் கொடுப்பேன். மறுபடி "விடுங்க." காலையில் நான் வேலைக்குப் போவதற்கு முன், சாயங்காலம் வந்த பின். ராத்திரி என் கெண்டைக்கால்களுக்கு அவர்தான் தைலம் தேய்ப்பார். இழுக்காத பட்டத்தை விட்டுவிட்டார், சரி. இழுக்கிற பட்டத்தை விடுவாரா என்பது இரண்டு பேருக்குமே தெரியாது.

ஆடி கடைசி வாரம் அந்தப் பெண் வந்தார். எங்களுக்குப் பக்கத்துக் கடற்கரையில், ஜெகதாப்பட்டினத்துக்குத் தெற்கே மணலில் வைத்துப் பார்த்தார். வலை காயப்போட்டிருந்த ஏழெட்டு மீனவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள். இப்படிக் கூட்டம் சேரும் என்று நான் நினைத்திருக்கவில்லை. இடம், வலம், வானத்தில் எட்டு போடுவது எல்லாம் இவர் சுத்தமாகச் செய்தார். உடனே அந்தப் பெண் இன்னொரு பையிலிருந்து இன்னும் பெரிய பட்டத்தை எடுத்து மாட்டிக் கொடுத்தார்.

அது ஏறிய கொஞ்ச நேரத்தில் தரைப்பக்கமிருந்து காற்று கிளம்பியது. பட்டம் சரிந்து முகத்துக்கு நேரே வந்தது. அவர் குதிகாலை மணலில் ஊன்றினார். தோள் முறுக்கேறியது. மாடு பிடிக்கிற அதே தோள். நான் கத்த வாயெடுத்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து, "சொல்லாதீங்க. அவங்களா விடணும்" என்றார். இரண்டு அடி, மூன்று அடி, மணலைக் கீறிக்கொண்டு போனார்.

விட்டுவிட்டார்.

பட்டம் மணலில் விழுந்து கிடந்தது. அவர் விரித்த கையோடு நின்று, மீனவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. "வலை பாறையில மாட்டுனா நாங்களும் அறுத்துத்தாங்க விடுவோம்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார். அந்தப் பெண் மட்டும் கைதட்டினார். "ஆவணி முதல் வாரம் வந்துருங்க. இனி தண்ணியில பழகலாம்" என்றார்.

பைக்கில் திரும்பும் வழியில் ஏஜென்ட் கூப்பிட்டார். இவர் வண்டியை ஓரங்கட்டி, திரையைப் பார்த்து, போனை என்னிடம் கொடுத்தார். ஒன்பது வருடமாக அந்த ஆளுக்கென்று நான் சேர்த்து வைத்திருந்த வசவுகள் கொஞ்சநஞ்சமல்ல.

"அவுக வரலைங்க" என்றேன். வசவு வர வேண்டிய இடத்தில் அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கம் ஹலோ, ஹலோ என்று கேட்டுக்கொண்டே இருந்தது.