பூட்டிய வீடுகளின் கணக்கு

கணக்கெடுப்பு டேப்லெட்டை சூப்பர்வைசரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளென்மார்கன் தேயிலை எஸ்டேட்டிலிருந்து மெயின் ரோட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். தூறல் விடவில்லை. கொழுந்து எடை போட்டுவிட்டு, தொழிலாளர் லைன் வீட்டுக்குத் திரும்பிய செல்வி என்னை வழியில் நிறுத்தினார்.

"ஏனுங்க, எங்க லைனுக்கு டாக்டர் வண்டி வருமுங்களா?"

"வராதுங்கக்கா. இங்க மறதி நோய் கம்மின்னு கணக்கு வந்திருக்கு."

"அப்ப எங்கம்மா?"

"உங்க ஊடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிட்டேன்."

"உள்ள ஆள் இருந்துச்சே. சத்தம் கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு."

அவர் நனைந்த சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போனார்.

எட்டாவதோடு நின்றவன் நான். பல வேலை பார்த்துவிட்டு இந்த மறதி நோய்க் கணக்கெடுப்பில் சேர்ந்தேன். வயதானவர்களிடம் இன்று என்ன கிழமை, சொன்ன மூன்று சொற்கள் நினைவிருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். மறதி நோய் அதிகமுள்ள எஸ்டேட்டுக்கு டாக்டர் வண்டியும் பகல் காப்பகமும் வரும். கதவு திறக்காவிட்டால் 'பூட்டிய வீடு' என்று பதிந்துவிட்டு, பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்டேட்டில் காலையிலேயே எல்லோரும் கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். நினைவு தெளிவாக உள்ள பெரியவர்கள் வாசலில் வெயில் காய்வார்கள். வழி தவறிக் காட்டெருமை நிற்கும் தேயிலைக்குள் இறங்கிவிடுகிறவர்களை உள்ளே விட்டு, வெளியே பூட்டுவார்கள். நாங்கள் பத்து மணிக்குப் போய், நாலு மணிக்கு ஜீப் ஏறினோம். வாசலில் இருந்தவர்களைத்தான் எண்ணினோம்.

செல்வி வீட்டுக் கதவைத் தட்டியபோது, வேலைக்குப் பெயர் பதிய வந்த கங்காணி என்று நினைத்து அவர் அம்மா உள்ளிருந்து குரல் கொடுத்தார்: "யாரு, கங்காணியா? எம் பேரப் போட்டுக்க, வந்துட்டேன்."

நான் பக்கத்து வீட்டுக்குப் போனேன்.

கடைசி வாரத்தில்தான் உறைத்தது: எண்ண வேண்டியவர்களே பூட்டுக்குள் இருந்தார்கள். "சார், பூட்டின ஊட்டுக்கெல்லாம் ஞாயித்துக்கிழமை ஒருக்கா போயிரலாங்க" என்றேன்.

"அதுக்குப் பதிலா பக்கத்து ஊட்ட எடுத்தாச்சில்ல? எண்ணிக்கை சரியா இருக்கு. நீ என்ன பெரிய டாக்டரா?" என்றார் சூப்பர்வைசர்.

அதற்கு மேல் நானும் வற்புறுத்தவில்லை. வண்டி போகும் எஸ்டேட்டுகளின் பட்டியல் வந்தபோது கிளென்மார்கன் அதில் இல்லை. அன்றுதான் டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள், பூட்டைப் பார்த்தால் ஆட்கள் வீடு திரும்பும் நேரத்தில் மறுபடி போங்கள். அப்படியும் முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்று எழுதுங்கள். நன்றாக இருக்கிறவரை எண்ணி, விட்டுப்போனவரின் இடத்தை நிரப்பாதீர்கள்.

மறுநாள் காலை இத்தலார் என்ற ஊரில் கேரட் கழுவும் இடத்தில் வேலை கேட்டேன்.

"முன்ன என்ன வேலை?" என்றார் முதலாளி.

"கணக்கெடுப்புங்க."

"ஏன் விட்டுட்டே?"

"தப்பா எடுத்துட்டேனுங்க."

அவர் ரப்பர் பூட்ஸைக் காட்டினார். போட்டுக்கொண்டு மூட்டை இறக்கப் போனேன்.